அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்னால் ஊரார் படிக்க வேண்டிய தாள்கள்

ராமநாதபுரம் கடற்கரையின் சிறு நகரங்களில் அன்றாட வாழ்க்கையை எது தீர்மானிக்கிறது என்று யாரேனும் கேட்டால், நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய்ச்சேரும் தட்டச்சுத் தாள்களைத்தான் நான் முதலில் காட்டுவேன். அலுவலகத்தில் கூட்டப் பொருள் என்றும் கவுன்சிலர்களின் பேச்சில் அஜெண்டா என்றும் வழங்கும் அந்தத் தாள்களில்தான், மழைக்கு முன் எந்தத் தெருவின் வாறுகால், அதாவது வடிகால், தூர்வாரப்படும், பேருந்து நிலையக் கடைகள் யாருக்கு என்ன வாடகைக்குப் போகும், குப்பை எந்த இடத்தில் கொட்டப்படும், பழுதான குடிநீர் மோட்டார் எப்போது மாற்றப்படும் என்பவை எல்லாம் வரிசை எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கின்றன. சட்டமன்றத்தில் பேசப்படுவதை மறுநாள் தேநீர்க் கடையில் வரிக்கு வரி விவாதிக்கும் நம் ஊரார், தம் வீட்டு வாசலைத் தொடும் இந்தத் தாள்களைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கக் கொடுப்பாரும் இல்லை.

ஒரு பொருள் எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் பொருள் எண். அடுத்து, இந்த வார்டில் இந்தத் தெருவில் இந்தப் பணிக்கு இத்தனை ரூபாய்க்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது என்பது போன்ற ஒரு நீண்ட வாக்கியம். அதன்கீழ் எந்த நிதியிலிருந்து செலவிடப்படும் என்ற குறிப்பு. பிறகு அலுவலகக் குறிப்பு. கடைசி வரியில் ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்றோ ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றோ முடியும். தாளைக் கையில் எடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். பார்வைக்கு என்று வந்தவை பெரும்பாலும் மேலிடத்தில் முடிவாகிவிட்டவை. அனுமதிக்கு என்று வந்தவற்றிலும் ஒரு பகுதி, அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்று ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளுக்குப் பின்னர் கேட்கப்படும் ஒப்புதல். புயல் எச்சரிக்கை வந்திருக்கும்போது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதற்கும், உடைந்த குழாயை அன்றைக்கே அடைப்பதற்கும் இந்த வழி தேவைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கூட்டத்தில் பாதிப் பொருள்கள் இந்த வகையாக இருந்தால், மன்றம் முடிவெடுக்கும் இடமாக இல்லாமல் செலவுச் சீட்டுகளைச் சரிபார்க்கும் இடமாகிவிடுகிறது.

இந்தக் கடற்கரையின் ஒரு நகராட்சியில் கவுன்சிலராக இருக்கும் அக்கா ஒருவரிடம், கூட்டத்துக்கு முன் இந்தத் தாள்களை எனக்கும் ஒருமுறை காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன். “எனக்கே முந்தின நாள் ராத்திரிதான் தம்பி தபால் வந்துச்சு. நாப்பது பொருளுக்கு மேல இருக்கு. சோறு ஆக்குறதா, இதப் படிக்கிறதா? காலையில போயி ஒக்காந்தா அரை மணி நேரத்துல ஆல் பாஸ்னு எந்திரிச்சிடுறாங்க” என்றார். அவர் சோம்பேறி அல்லர். தம் வார்டில் எந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை, எந்த மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-இல் சட்டம் செய்து, அப்படி வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் படிக்க ஓர் இரவு மட்டும் கொடுப்பது, இருக்கையைக் கொடுத்துக் குரலை எடுத்துக்கொள்வதாகும். அவருக்கே இந்த நிலை என்றால், வாக்களித்த எங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். கூட்டப் பொருள் முழுவதும், மதிப்பீட்டுத் தொகையோடும் நிதி ஆதாரத்தோடும், கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே நகராட்சி அறிவிப்புப் பலகையிலும் ஒவ்வொரு வார்டிலும் ஊரார் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பின் பெட்டிச் செய்தியாகப் படிப்பதனால் எந்தப் பயனும் இல்லை. இதை ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறேன் என்பதை, நம் கரைக்கே உரிய சில பொருள்களைக் கொண்டு சொல்கிறேன்.

முதலில் மழையும் வாறுகாலும். நமக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான்; வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள பணிக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாள். மன்றத்தின் ஒப்புதல், டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளி திறப்பு, அதை ஏற்க மீண்டும் மன்றம், பணி ஆணை என்று வரிசையாகக் கூட்டிப் பார்த்தால், ஆகஸ்டு கடைசிக் கூட்டத்தில் வரும் வாறுகால் பொருள் மண்வெட்டியாகத் தெருவுக்கு வரும்போது மழை வந்துவிட்டிருக்கும். தண்ணீர் நிற்கும் வாறுகாலில் தூர்வாரியதற்கும் வாராததற்கும் யாரால் வித்தியாசம் காண முடியும்? ஆகவே இந்த வேலைக்குரிய கூட்டம் ஜூன் அல்லது ஜூலைக் கூட்டம். அந்த மாதத் தாளில் வாறுகால் பொருள் இல்லை என்பதை ஊரார் ஒரு வாரம் முன்பே பார்த்திருந்தால், ஏன் இல்லை என்று கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியும்.

இது கற்பனைக் கவலை அன்று. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பக்கத்துத் தங்கச்சிமடத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல். ஆண்டு முழுவதும் சேர்த்தே 80 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மாவட்டத்தில், பாதி ஆண்டின் மழை ஒரு பகலில் இறங்கியது. அப்படி ஒரு மழையை எந்த வாறுகாலும் முழுமையாகத் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஒரு நாளில் வடிகிறதா, ஒரு வாரம் நிற்கிறதா என்பதை வாறுகால்தான் முடிவு செய்கிறது. நம் நிலம் தட்டையானது; சரிவு என்று சொல்ல எதுவுமில்லை. கான்கிரீட் வாறுகாலின் அடிமட்டம் ஓரிடத்தில் நான்கு விரற்கடை உயர்ந்துவிட்டால் தண்ணீர் திரும்பி நிற்கும். கடற்காற்று கொண்டுவரும் மணல் மூடியில்லாத இடங்களிலெல்லாம் விழுந்து மேடாகும். புதிய வாறுகால் கட்ட மதிப்பீடு வரும்போது, அதன் கடைசி முனை எங்கே போய்ச் சேருகிறது என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு கவுன்சிலரும் கேட்க வேண்டும். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் பல ஆண்டுகளாக எழும் முறையீடு, அந்த முனை கடலில் முடிகிறது என்பதே. எதிரே அப்பா தீவும் முள்ளித் தீவும் அடங்கிய 21 தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடாத் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறையும் கடற்புல்லும் இருக்கின்றன. அத்தகைய கடற்புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக, வடக்கே பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 2022-இல் ஒரு காப்பகமே அறிவித்திருக்கிறோம். பூங்காவும் காப்பகமும் அரசின் பெயரில் இருக்கின்றன. கடலுக்குள் போகும் கழிவுநீரின் பொருள் எண் நகராட்சியின் தாளில் இருக்கிறது.

இதைவிட ஆழமான பொருள் நிலத்தடி நீர். மணற்கரையில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். கடல்நீர் நன்னீரைவிடச் சிறிதளவே கனமானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நன்கு தெரிந்த கணக்கு. அதன் மறுபக்கம்தான் அச்சுறுத்துவது: மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், நாளடைவில் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவரும். ஊற்றில் சிரட்டையால் கோரிக் குடம் நிறைத்து, நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்களை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? அந்த ஊற்று இருக்கும் மணலில் ஒரு விடுதியின் ஆழ்துளைக் கிணறு இரவு பகலாக ஓடினால், அந்தப் பெண்கள் மறு ஆண்டு இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டியிருக்கும். திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே கூட்டுக் குடிநீர் வருகிறது என்பது உண்மை. அது நமக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ஆயினும் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊர் நாம்தான். வழியில் எங்கே உடைந்தாலும் வறண்டு போகும் வாய் நம்முடையது.

ஊரணியின் பெயர் கூட்டப் பொருளில் வரும்போது என் கவனம் அங்கேயே நின்றுவிடுவது இதனால்தான். ஊரணியைத் தூர்வாரி ஆழப்படுத்தும் பொருளும், அதன் கரையில் நடைபாதை, இருக்கை, அலங்கார விளக்கு அமைக்கும் பொருளும் ஒரே தலைப்பில், ஊரணி மேம்பாடு என்று வந்துவிடும். மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால், வரத்துக்காலைச் சீரமைக்க எவ்வளவு, கல் பதிக்க எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மழைநீர் உள்ளே வர வழியில்லாத ஊரணிக்குச் சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பி என்ன பயன்? தண்ணீர் வந்து சேர்ந்தால் அது கீழே இறங்கி உப்பை அழுத்தி வைக்கும். கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது; அன்று தோண்டிய குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்று வார்டு வாரியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தவும் மன்றம் தீர்மானம் போடலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கழிப்பறைத் தொட்டி. நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படும் பல தொட்டிகளுக்கு அடித்தளமே கிடையாது. மணல் உறிஞ்சிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். உறிஞ்சுவது மணல்; போய்ச்சேருவது அதே நன்னீர்ப் படலத்துக்கு. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிகளுக்கு உரிமம் தருவதும், அவை எங்கே கொட்டுகின்றன என்று கண்காணிப்பதும் நகராட்சியின் வேலை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதர்களைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. லாரி உரிமம் பற்றிய பொருள் வரும்போது, கொட்டும் இடமும் இந்தச் சட்டமும் தீர்மானத்தின் வாசகத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரிக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று அரசு வகுத்தது. நகர்மன்றங்களின் முன் அது பொருளாக வந்தது, தீர்மானம் போட்டார்கள், ஊரார் கவுன்சிலரைத் திட்டினார்கள். ஆனால் 2021 முதல் 2026 வரைக்குமான பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தைப் பெற, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்த வேண்டும் என்று டெல்லியிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. அந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பதும் அதே நிபந்தனைகளில் இருந்தது. ஊரார் இதைத் தெரிந்துகொண்டு, உயர்ந்த வரிக்கும் வந்த மானியத்துக்கும் எங்கள் வார்டுக்கு என்ன குடிநீர், என்ன துப்புரவு என்று கேட்டிருந்தால், அந்த விவாதம் வசையாக முடிந்திருக்காது.

இன்னொன்று, கடற்கரைக்கே உரிய சிக்கல். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-க்குள் வரி கட்டினால் 5 சதவீதச் சலுகை உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். படகுத் தொழிலாளியின் கையில் காசு நின்றுபோகும் வாரங்களில்தான் சலுகையின் கடைசி நாள் விழுகிறது. சலுகை நாளை நீட்டிக்க மன்றத்துக்குத் தனி அதிகாரம் இல்லை, விதி அரசுடையது. ஆனால் இந்தக் கரையின் நகராட்சிகளும் பேரூராட்சிகளும், தடைக்காலத்தில் வேலையிழக்கும் குடும்பங்களுக்குச் சலுகைக் காலத்தை நீட்டித்துத் தருமாறு அரசைக் கேட்டுத் தீர்மானம் அனுப்பலாம். அப்படி ஒரு பொருளை எந்தக் கவுன்சிலர் முன்வைத்தாலும் அவருக்கு என் ஆதரவு உண்டு.

குத்தகைப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைகள், கட்டணக் கழிப்பறை, வாகன நிறுத்தம், மீன் மார்க்கெட் ஆகியவற்றின் ஏலத் தொகை, குத்தகைக் காலம், நிலுவை ஆகிய மூன்றும் தாளில் இருக்க வேண்டும். நிலுவை வைத்திருப்பவரே மறுபடியும் ஏலம் எடுக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

ராமேஸ்வரத்தின் குப்பை மட்டும் தனிக் கணக்கு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஊரின் சொந்த மக்கள்தொகையைப் போலப் பல மடங்குக் கூட்டம் வந்து அக்னி தீர்த்தத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுப் போகிறது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தினால் வருகை இன்னும் கூடும். நகராட்சிக்கு வரும் நிதியோ பெரும்பாலும் குடியிருக்கும் மக்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வந்து போகிறவர்களின் குப்பையை, இருப்பவர்களின் தலைக்கணக்கில் வந்த பணத்தால் அள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தீவில் கோயில் அறநிலையத் துறையிடம், நெடுஞ்சாலை இன்னொரு துறையிடம், படகுத்துறை மீன்வளத் துறையிடம். எல்லோருடைய குப்பையும் நகராட்சியிடம். தூய்மைப் பணியாளர்களை வெளிமுகமை மூலம் எடுக்கும் பொருள் வரும்போது, தலைக்கு எத்தனை ரூபாய் ஒப்பந்தம், அதில் பணியாளர் கைக்கு எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா என்பவை தாளில் வெளிப்படையாக இருக்க வேண்டும். அமாவாசை மறுநாள் விடியலில் நனைந்த துணிமூட்டைகளை இழுக்கும் அந்தப் பெண்களின் கூலி ஊர் அறியாத இரகசியமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதே தீவில் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு. வரவு செலவைப் படிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். சில கிலோமீட்டர் கடந்து நகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் அந்த உரிமை மெலிந்துவிடுகிறது. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. நம் கரையில் அவ்வளவு பெரிய நகரம் கிடையாது. தமிழ்நாடு அரசு 2022-இல் விதி வகுத்து, சிறு நகரங்களுக்கும் வார்டு குழுவையும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடவும் செய்தன. நல்ல ஏற்பாடு. மன்றக் கூட்டத்துக்கு முந்தின வாரம் பகுதி சபை கூடி, அந்த மாதக் கூட்டப் பொருளில் தம் வார்டுக்குரியவற்றை மட்டும் வாசித்துப் பேசினால், கவுன்சிலர் கையில் ஊரின் கருத்தோடு மன்றத்துக்குப் போவார்.

காலம் குறைவாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற இந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தபோது, அடுத்த தேர்தல் வர ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. அதுவரை அரசு அமர்த்திய தனி அலுவலர்களே தீர்மானம் எழுதி, அவர்களே ஒப்புதல் அளித்தார்கள். நம் மாவட்டத்து ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரங்களிலும் அதே நிலை மீண்டும் வரக்கூடும். அப்போது தீர்மானத்தைப் பற்றிக் கேட்கக் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். கூட்டப் பொருளை முன்கூட்டியே வெளியிடும் வழக்கத்தை மன்றம் இருக்கும்போதே ஒரு தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டால், பின்னால் வரும் அலுவலரையும் அதைப் பின்பற்றும்படி கேட்க நமக்கு ஒரு தீர்மான எண்ணாவது கையில் இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காம் பிரிவு, இத்தகைய மன்றங்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப்போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதும் அச்சட்டமே. கடந்த காலத் தீர்மானங்களுக்கு அந்த வழி போதும். வரப்போகும் கூட்டத்துக்குப் போதாது. பதில் வருவதற்குள் கூட்டம் முடிந்திருக்கும்.

எனவே எங்கள் தெருவினர் சிலர் சேர்ந்து, தலைவருக்கும் ஆணையாளருக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். கூட்டப் பொருளை ஏழு நாளுக்கு முன் ஒட்டுவது. வாறுகால், ஊரணி தொடர்பான மதிப்பீடுகளை ஜூன் மாதக் கூட்டத்திலேயே வைப்பது. ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் முன் பகுதி சபையைக் கூட்டுவது ஆகியவற்றை அடுத்த கூட்டத்தில் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அதில் கேட்டிருக்கிறோம். அந்த அக்காவும் தம் வார்டின் சார்பில் அதை முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார். வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டும். அதற்காக இந்த வாரம் பக்கத்து வார்டுகளின் கவுன்சிலர்களைப் பார்க்கப் போகிறோம்.